ஃபிங்கர் பெயின்ட்: கடையில் வாங்குவதா, வீட்டில் காய்ச்சுவதா?

சின்னக் குழந்தை விரலாலேயே தொட்டு வரையும் வண்ணமான ஃபிங்கர் பெயின்டை வாங்கப் போனால், ஒரே அலமாரியில் ஃபிங்கர் பெயின்ட், போஸ்டர் கலர், அக்ரிலிக் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். பாதி டப்பாக்களில் 'நச்சற்றது' என்று போட்டிருக்கும். வீட்டிலேயே செய்யலாம் என்று தேடினால் ஒருவர் சோள மாவு என்பார், இன்னொருவர் மைதா, மற்றொருவர் தயிர். விலையையோ நிறத்தின் பளபளப்பையோ வைத்து முடிவெடுத்தால் சரியாக வராது. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். குழந்தை இன்னும் கையை வாயில் வைக்கிறதா? அந்தப் பெயின்ட் தாளில் எவ்வளவு நேரம் ஈரமாக நிற்கும்? முதல் கேள்வி பாதுகாப்புக்கு. கற்றலைத் தீர்மானிப்பது இரண்டாவது.

இரண்டு வயதுக் குழந்தையின் கையைப் பத்து நிமிடம் கவனித்தால் ஈரத்தின் அருமை தெரியும். முதலில் உள்ளங்கை முழுவதும் தாளில் படியும். தோளிலிருந்தே கை முன்னும் பின்னும் போய்வரும். கொஞ்ச நேரத்தில் வேகம் தணிந்து விரல்கள் விரியும், ஐந்து கோடுகள் விழும். அந்தக் கோடுகளைக் கண்ட பிறகுதான் மற்ற நான்கு விரல்களையும் மடக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டும். அழுத்தினால் அடியில் இருக்கும் தாள் தெரிகிறது, லேசாகத் தொட்டால் நிறம் அப்படியே நிற்கிறது என்பது அப்போது பிடிபடும். பிறகு எல்லாவற்றையும் ஒரே வழியாக வழித்து அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று அசைவு கீழே இறங்கி வருவது, ஒரு விரலைத் தனியாக இயக்குவது, அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் பின்னால் எழுதும்போது தேவைப்படுபவை. பெயின்ட் மூன்றாம் நிமிடமே காய்ந்துவிட்டால் உள்ளங்கைத் தடத்தோடு வேலை நின்றுவிடும். சுவரில் ஒட்ட ஒரு கைத்தடம் கிடைக்கும். கை பழக வேண்டியது பழகியிருக்காது.

இதை வகுப்பறைக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் ரூத் ஃபேசன் ஷா என்ற அமெரிக்க ஆசிரியை. 1920களின் இறுதியில் ரோம் நகரில் பள்ளி நடத்தியபோது, ஈரப்படுத்திய தாளின்மேல் கெட்டியான கூழ்வண்ணத்தைக் கொடுத்து வரையவிட்டார். தாளை ஏன் நனைத்தார் என்பதற்கும் அதே காரணம்தான்: ஈரம் நிற்க வேண்டும்.

கடையில் வாங்கும் ஃபிங்கர் பெயின்ட்

இதன் பலம் நிறம், பதம், ஆயுள் மூன்றும். திறந்த டப்பா மாதக்கணக்கில் கெடாது; நிறங்கள் ஒன்றோடொன்று சுத்தமாகக் கலக்கும்; அவசரத்துக்கு உடனே எடுத்து வைக்கலாம். இந்தியாவில் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஃபிங்கர் பெயின்டுக்கு உரிய தரநிலை ஐஎஸ் 9873, பகுதி 7. டப்பாவில் அந்த எண், ஐஎஸ்ஐ முத்திரை, அதன் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐரோப்பாவிலேயே வாங்கியதானால் ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 71, பகுதி 7 என்று இருக்க வேண்டும். ஈயம் போன்ற கன உலோகங்கள் எவ்வளவு கசியலாம், எந்தச் சாயம், எந்தப் பதப்படுத்தி சேர்க்கலாம் என்பதற்கெல்லாம் அதில் வரம்பு உண்டு. குழந்தை நக்கிப் பார்த்ததும் துப்பிவிடுவதற்காகக் கசப்புப் பொருள் கலந்திருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

அந்தக் கசப்புதான் இந்தப் பெயின்ட் யாருக்கானது என்பதையும் காட்டுகிறது. ஒரு தரம் நக்கிவிட்டு முகம் சுளித்து விலகும் குழந்தைக்குச் சரி. எதை எடுத்தாலும் வாய்க்குக் கொண்டுபோகும் 10 மாதக் குழந்தைக்கு முழு அனுபவமும் கசப்பாகிவிடும்; அடுத்த முறை கிண்ணத்தைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்கொள்ளும். இன்னொன்று, நாள்பட வைத்திருக்கச் சேர்க்கும் பதப்படுத்திகளில் சில, சில குழந்தைகளின் தோலில் அரிப்பும் தடிப்பும் தரலாம். கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் உள்ள குழந்தையானால் முன்னங்கையின் உட்புறம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

தாளில் பரப்பினால் இது நடுத்தர நேரம்தான் ஈரமாக நிற்கும். மின்விசிறி வேகமாகச் சுற்றும் அறையில் இன்னும் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். விசிறியைக் குறைத்து, தாளை ஸ்பாஞ்சால் லேசாக நனைத்துவிட்டால் நேரம் நீளும்.

வீட்டில் காய்ச்சும் சோள மாவுக் கூழ்

ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை எங்கள் முதல் பரிந்துரை இதுதான். வழவழப்பு கூடுதல், காய்வது மெதுவாக, வாய்க்குள் கொஞ்சம் போனாலும் பதற வேண்டியதில்லை.

வாங்கும்போதே ஒரு தவறு நடக்கும். தேவைப்படுவது சூப்புக்குப் போடும் வெள்ளை கார்ன்ஃப்ளவர். ரொட்டி செய்யும் மஞ்சள் மக்காச்சோள மாவில் காய்ச்சினால் குருணை குருணையாக நிற்கும், வழுக்காது.

அளவு: கார்ன்ஃப்ளவர் கால் கப், அதாவது சுமார் 30 கிராம், தண்ணீர் 2 கப். அரை கப் பச்சைத் தண்ணீரில் மாவை முதலில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மீதி ஒன்றரை கப்பைச் சூடாக்கி, அது கொதிக்கத் தொடங்கும் முன், கரைசலை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். தீ சிறிதாகவே இருக்கட்டும். பால் நிறத்தில் இருந்த கலவை மெல்ல மங்கிக் கண்ணாடித்தன்மைக்கு வரும். அதன் பிறகும் இரண்டு நிமிடம் கிளறி இறக்குங்கள். ஆறும்போது மேலே ஆடை கட்டும். இடையிடையே கிளறிவிட்டால் கட்டாது. ஆறியபின் கெட்டித் தயிர் பதத்தில் இருக்க வேண்டும். நான்கு கிண்ணங்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் உணவு நிறம் இரண்டு மூன்று சொட்டு. அதற்கு மேல் போனால் நிறம் கூடுவதைவிட விரலில் கறை ஏறுவதுதான் கூடும்.

என்ன தவறும், ஏன் தவறும் என்பதையும் சொல்லிவிடலாம். கட்டி விழுந்தால், மாவைக் கரைக்காமல் நேராகச் சூட்டில் போட்டிருப்பீர்கள். வெளிப்புறம் வெந்து உள்ளே பச்சை மாவு அடைபட்டுவிடும். வடிகட்டினால் ஓரளவு தப்பும். நீர்த்தே நின்றால் வேகவில்லை, திரும்ப அடுப்பில் ஏற்றலாம். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு ராத்திரி இருந்தபின் இறுகி ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தால் அது கெட்டதாக ஆகாது. ஸ்டார்ச் ஆறி இறுகும்போது தண்ணீரை வெளியே தள்ளும். ஒரு கரண்டி வெந்நீர் விட்டு அடித்துக் கிளறினால் பழைய பதம் வந்துவிடும்.

நேற்றுவரை கெட்டியாக இருந்த கூழ் இன்று தண்ணீராகக் கிடக்கிறது என்பது பலரையும் குழப்பும் விஷயம். குழந்தை நக்கிய விரலை அதே கிண்ணத்தில் விட்டிருக்கும். எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சை உடைத்துவிடும். அதனால் பெரிய டப்பாவைக் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். ஒரு தடவைக்கு ஒவ்வொரு நிறத்திலும் ஒரு மேசைக்கரண்டி எடுத்துத் தட்டில் வைத்தால் போதும். மிஞ்சியது குப்பைக்கு. தொடாத கூழ் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தாலோ புள்ளி பூத்தாலோ கொட்டிவிடுங்கள்.

பல செய்முறைகளில் சர்க்கரையும் உப்பும் சேர்க்கச் சொல்வார்கள். சர்க்கரை பளபளப்பு தரும், ஆனால் நம் வீடுகளில் காயவைத்த படத்தை எறும்பு மொய்த்துவிடும். உப்பு கெடாமல் இருக்க. வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு அது கூடாது. விரலில் கீறல் இருந்தால் எரியும். இரண்டையும் விட்டுவிட்டே காய்ச்சுங்கள்.

மைதா, கூவை மாவு, சோற்றுக் கஞ்சி

மைதா மலிவு, எந்த வீட்டிலும் இருக்கும். அரை கப்புக்கு 2 கப் தண்ணீர், காய்ச்சும் முறை அதேதான். ஆனால் பசை ஒளி புகாமல் வெள்ளையாக இருப்பதால் நிறங்கள் வெளிறும். காய்ந்தபின் வெடித்து உதிரும். சேர்த்து வைத்த படங்களைக் கரப்பான் பூச்சி அரிக்கும். கோதுமை ஒவ்வாத குழந்தைக்கு அறவே வேண்டாம். காய்ச்சாமல் பச்சை மாவைக் கரைத்துக் கொடுக்கும் சுலப வழியையும் தவிர்க்கவும். வேகாத மாவில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு.

கூவைக் கிழங்கு மாவு (ஆரோரூட்) கிடைத்தால் கார்ன்ஃப்ளவரைவிடவும் தெளிவான கூழ் வரும், நிறம் கண்ணாடிபோல் தெரியும். விலைதான் தடை. சோற்றுக் கஞ்சி ஒரு வேளைக்குச் சரி. வெயில் காலத்தில் மாலைக்குள் புளித்துவிடும்.

ஒன்றரை வயதுக்குக் கீழே

இங்கே இரண்டு வழிகள். ஒன்று, தின்னக்கூடிய வண்ணம்: கெட்டித் தயிர் இரண்டு மேசைக்கரண்டி, அதில் ஒரு சிட்டிகை மஞ்சளோ ஒரு கரண்டி பீட்ரூட் சாறோ. திட உணவு தொடங்கி, தயிர் சாப்பிட்டுப் பழகிய குழந்தைக்கு மட்டும். பால் ஒவ்வாமை இருந்தால் வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் தளர்த்திக்கொள்ளலாம். தேன் எந்த வடிவிலும் ஒரு வயதுக்குள் கூடாது.

சாப்பாட்டை அளைந்து விளையாடுவதா என்று பல வீடுகளில் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தட்டில் இருப்பதைத் தானே எடுத்துச் சாப்பிடப் பழகும் பருவத்தில், அதே தட்டில் அதே இடத்தில் தயிரை இழுத்து விளையாடவிட்டால் குழந்தைக்கும் குழப்பமே. வேறு தட்டு, வேறு இடம், வேறு நேரம் என்று பிரித்துவிடுங்கள். அதுவும் மனதுக்கு ஒப்பவில்லையென்றால் இரண்டாவது வழி இருக்கிறது.

ஜிப் வைத்த கெட்டியான பிளாஸ்டிக் பையில் இரண்டு நிறக் கூழை நிறத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் போட்டு, காற்றைத் தள்ளி மூடி, நான்கு பக்கமும் அகலமான டேப்பால் தரையிலோ டைல்ஸ் சுவரிலோ ஒட்டிவிடுங்கள். குழந்தை மேலேயிருந்து அழுத்தும், தள்ளும், கோடு போடும். வாயில் எதுவும் போகாது. நிறம் கலப்பதும், அழுத்தினால் வழி விடுவதும் கிடைக்கும். ஈரம், குளிர்ச்சி, பிசுபிசுப்பு எதுவும் தோலில் படாது என்பதால் தொடு உணர்வைப் பொறுத்தவரை இது பாதி அனுபவம்தான். பிளாஸ்டிக் பை என்பதால் பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒரு நிமிடம்கூட விட்டுப் போகக் கூடாது. முடிந்ததும் பையைக் கையோடு எடுத்துவிட வேண்டும்.

தோட்டத்து நிறங்கள்

மஞ்சள், பீட்ரூட், பாலக் கீரை, சங்குப்பூ நான்கும் போதுமான நிறம் தரும். சாறு சேரும்போது கூழ் நீர்த்துப்போவதால், தண்ணீரை ஒன்றரை கப்பாகக் குறைத்துக் காய்ச்சுங்கள். கூழ் ஆறியபின்தான் சாற்றைச் சேர்க்க வேண்டும். சூட்டில் கீரையின் பச்சை பழுப்பேறிவிடும். கடைத் தூளில் கலப்படச் சாயம் இருக்கலாம் என்பதால் மஞ்சளை வீட்டில் அரைத்தோ நம்பகமான பாக்கெட்டிலோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நிறங்கள் தாளில் சில நாளில் மங்கும். படத்தைப் பத்திரப்படுத்த நினைப்பவர்களுக்கு இது ஏற்றதில்லை.

ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு இதில் கிடைப்பது எந்த டப்பாவிலும் கிடைக்காது. மஞ்சள் கூழ் தடவிய தாளில், சமையல் சோடா கரைத்த தண்ணீரை விரலால் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். தொட்ட இடமெல்லாம் சிவக்கும். சங்குப்பூ நீலத்தில் எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதாவுக்கு மாறும். எது பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துச் செய்து பார்க்கும் பழக்கம் இங்கே கையோடு வருகிறது. சோடாவுக்குப் பதில் சுண்ணாம்பை எடுக்காதீர்கள். தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்.

தொடவே கூடாதவை

அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம். நகக்கண்ணிலிருந்து உரித்தெடுப்பது குழந்தைக்கு வேதனை. போஸ்டர் கலர் மெலிதாக இருப்பதால் நொடியில் இழுத்துக்கொள்ளும், விரல் தாளில் உரசி நிற்கும். கூழில் சிறிது கலந்து நிறத்துக்காகப் பயன்படுத்தலாம், அதுவும் வாயில் வைக்கும் பழக்கம் போன பிறகு. வண்ணக் கோலப்பொடி, ஹோலிப் பொடி இரண்டையும் கூழில் கலக்கவே வேண்டாம். உள்ளே என்ன சாயம் என்று பாக்கெட்டில் இருக்காது.

தாளா, தட்டா?

நோட்டுத் தாளும் செய்தித்தாளும் ஈரத்தில் கிழியும். கிழிந்ததும் குழந்தை பயந்து கையை எடுத்துவிடும். சார்ட் பேப்பரைப் பாதியாக வெட்டி, வழவழப்பான பக்கம் மேலே இருக்கும்படி ஒட்டுவது நல்லது. ஏ4 தாள் இந்த வயதுக் கைக்குச் சின்னது. தோள் அசையவே இடமிருக்காது.

இருந்தாலும் எவர்சில்வர் தாம்பாளம்தான் எங்கள் விருப்பம். ஈரத்தை உறிஞ்சாது, கிழியாது, எத்தனை முறை வேண்டுமானாலும் அழிக்கலாம். படம் வேண்டுமென்றால் தாம்பாளத்தின் மேல் ஒரு தாளை வைத்து நீவி எடுங்கள், அச்சு விழும். வரைந்தது இடம் வலம் மாறி விழுவதை மூன்று வயதுக்குமேல் தானே கவனித்துக் கேட்கும்.

ஒரு நேரத்தில் இரண்டே நிறம். மஞ்சளும் நீலமும் என்றால் பச்சை, மஞ்சளும் சிவப்பும் என்றால் ஆரஞ்சு. மூன்றையும் சேர்த்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் சேற்று நிறம். எதிலிருந்து எது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் உட்காருபவர் "என்ன வரைஞ்சே?" என்று கேட்பதைவிட, கண்ணில் படுவதைச் சொல்வது பயன்தரும்: "நீலம் மஞ்சளைத் தொட்ட இடம் பச்சையாயிடுச்சு பாரு", "இங்க கொழகொழன்னு இருக்கு, ஓரத்துல காஞ்சு சொரசொரன்னு ஆயிடுச்சு." இப்படிப்பட்ட சொற்கள் தமிழில் ஏராளம். கை உணரும் நேரத்திலேயே காதில் விழுந்தால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

கிரையான், மணல் தட்டு, டேப்லெட்

ஃபிங்கர் பெயின்ட் இருந்தால் மற்றவை வேண்டாமா என்றால், வேண்டும். பென்சிலைப் பிடிக்கும் பிடியை இது கற்றுத்தராது. அதற்குக் கிரையானை உடைத்த சின்னத் துண்டுகள்தான் சரி. துண்டு சிறிதாக இருந்தால் மூன்று விரலால்தான் பிடிக்க முடியும்.

எழுத்தின் வடிவத்துக்கு மணல் நல்லது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதிப் பழகியதும், விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுதவைப்பதும் சரியான முறையே. உதறினால் அழியும், விரலுக்கு எதிர்விசை தரும். அரிசி மூக்கில் ஏறும் வயதில் தட்டில் ரவையைப் பரப்பலாம். பொதுவாக நேர்க்கோடு இரண்டு வயதிலும், மூடிய வட்டம் மூன்றிலும், கூட்டல் குறி நான்கை ஒட்டியும் வரும். அதனால் கூழிலோ ரவையிலோ எழுத்தைத் தொடங்குவதானால் சுழியும் வளைவும் நிறைந்த 'அ'வைவிட, நேர்க்கோடுகளே ஆன 'ட', 'ப' குழந்தைக்கு எளிது.

டேப்லெட்டில் விரலால் வரைவது இதற்கு ஈடாகாது. எந்த நிறத்தைத் தொட்டாலும் ஒரே கண்ணாடி. அழுத்தினாலும் வருடினாலும் பெரும்பாலும் ஒரே கோடு. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு. அந்த ஒரு மணி நேரத்தை இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

தொட மறுக்கும் குழந்தை

சில குழந்தைகள் விரல்நுனியில் பட்டதுமே கையை உதறி அழும். கையைப் பிடித்துக் கூழில் அமுக்குவது மிக மோசமான வழி. அதன்பின் மாதக்கணக்கில் கிட்டே வராது. முன்பு சொன்ன ஜிப் பையிலிருந்து தொடங்குங்கள். அடுத்து ஒரு ஸ்பூனோ பழைய பல்துலக்கியோ கொடுத்துத் தாம்பாளத்தில் இழுக்கவிடுங்கள். நனைத்த துணி ஒன்று எப்போதும் அதன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நினைத்தபோது துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் துணிச்சல் வரும். கூழ் சில்லென்று இருப்பதால் மறுக்கும் குழந்தைகளும் உண்டு, வெதுவெதுப்பாக்கிக் கொடுத்துப் பாருங்கள். பெயின்டோடு நிற்காமல் சோறு பிசைவது, புல்லில் வெறுங்காலோடு நடப்பது, சில துணிகள் உடம்பில் படுவது என்று எல்லாவற்றுக்கும் இதே எதிர்ப்பு இருந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லி, தொழில்முறைச் சிகிச்சையாளரை (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) பார்ப்பது நல்லது.

கறைக்குப் பயந்து ஒத்திப்போடுபவர்களுக்கு: மஞ்சள் பட்ட துணியைச் சோப்பில் போட்டதும் சிவந்தால் பதறாதீர்கள், சோப்பின் காரம் அப்படிச் செய்யும். நன்றாக அலசி இரண்டு நாள் நேர் வெயிலில் காயவையுங்கள், வெளுத்துவிடும். உணவு நிறம் பட்ட துணியைக் காயும் முன்பே குளிர்ந்த தண்ணீரில் அலசிவிட வேண்டும். ஸ்டார்ச் கூழ் காய்ந்து ஒட்டிய தரையைச் சுரண்டாமல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்தால் தானே கிளம்பி வரும். வேலை முடிந்த கூழை வாஷ்பேசினில் கொட்டாதீர்கள், குழாய் அடைக்கும். தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள்.